அப்பாவின் பின்னால் மின்விசிறி

செப்டம்பர் 8, திங்கள்

வாலுவின் அப்பாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் மரியாதை. இன்று அந்த மரியாதை எனக்கு வரவில்லை.

நேற்று பத்து மணிக்கு நீங்கள் வீடியோவில் வந்தபோது வழக்கம்போல நான் சமையலறையில்தான் இருந்தேன். அப்பாவும் மகளும் பேசும்போது நான் அந்தப் பக்கம் வருவதில்லை என்று வைத்துக்கொண்டோமே, அதை இந்தப் பதினான்கு மாதத்தில் நான் ஒரு நாளும் மீறியதில்லை. நேற்று பேசி முடித்ததும் வாலு ஓடி வந்தாள். என் கையிலிருந்த பாத்திரத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, "அப்பா சரின்னுட்டார்" என்று கைகளால் சொன்னாள். எதற்குச் சரி? விடுதிப் பள்ளிக்கு.

காது கேளாத பிள்ளைகளுக்கென்றே நடக்கும் பள்ளி அது. ரயிலில் ஆறு மணி நேரம். போன மாதம் அவளுடைய ஆசிரியை விண்ணப்பம் கொடுத்தார். ஒரு மாதமாகப் பார்க்கலாம், பார்க்கலாம் என்று நான் ஒத்திப்போட்டுக்கொண்டு வந்தேன். மூன்று வயதில் அந்தக் காய்ச்சல் வந்து காது போனதிலிருந்து அவள் என்னை விட்டு ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. இப்போது வயது பதினொன்றுதான். நீங்கள் ஒரு கட்டைவிரலை உயர்த்தி முடித்துவிட்டீர்கள். இன்று காலை அவள் ஆசிரியையிடமும் சொல்லிவிட்டாள். விண்ணப்பத்துக்கு நவம்பர் பதினைந்து கடைசி நாள்.

நீங்கள் எப்போதும் இப்படித்தான். வேலை மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னீர்கள். அதை நான் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க மாட்டேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால் பதிலும் எழுத்தில்தான் வேண்டும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


செப்டம்பர் 12, வெள்ளி

வாலுவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஒன்பதாவது மாடியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து படித்தேன். படித்ததும் கையிலிருந்த ஸ்பானர் கீழே போய்விட்டது. நல்லவேளை, அடியில் ஆள் இல்லை.

நான் எந்தப் பள்ளிக்கும் சரி சொல்லவில்லை. அப்படி ஒரு பள்ளி இருப்பதே நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நடுவில் படம் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது வாலு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷூவோ பையோ ஏதோ கேட்கிறாள் என்று நினைத்துக் கட்டைவிரலைக் காட்டினேன். அந்தப் பாழாய்ப்போன இணைப்பு செய்த வேலை.

உன் கடிதம் வந்த அன்றே அவள் போனுக்கு எழுதி அனுப்பினேன், அப்பா சரி சொல்லவில்லை என்று. 'முகம் பார்த்துச் சொல்லுங்க' என்று ஒரே வரிதான் பதில் வந்தது. யாருடைய பிள்ளை என்று சொல்லவா வேண்டும்.

நீயே அவளிடம் எடுத்துச் சொல்லிவிடு. அவளை எங்கேயும் அனுப்பக் கூடாது.

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று உன் கால் வீங்குகிறது என்று வாலு சொன்னாள். ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா


செப்டம்பர் 16, செவ்வாய்

வாலுவின் அப்பாவுக்கு,

எடுத்துச் சொன்னேன். "அப்பா சொன்னதை மாத்துறதே உனக்கு வேலை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சத்தம் அவளுக்குக் கேட்காது அல்லவா, அவள் சாத்துகிற சாத்தில் நிலையே அதிர்கிறது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவளுக்கு எழுத்து பள்ளிக்கூடத்துப் பாடம். பேச்சு என்றால் கைதான். நீங்கள் முகம் பார்த்து, கையால்தான் சொல்லியாக வேண்டும். அதற்குப் படம் நிற்காமல் வர வேண்டும்.

நம் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது. எதிர்வீட்டில் கேபிள் இழுத்துக்கொண்டிருந்த பையனைக் கேட்டேன். பழைய இணைப்பிலேயே வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாமாம். ஒரு நாள் வேலை. ஆனால் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. உங்கள் போனுக்கு ஒரு செய்தி வரும், அதில் சம்மதம் என்று அழுத்தினால் போதும். பதிந்துவிட்டு வந்திருக்கிறேன்.

இணையம் மெதுவாக இருக்கிறது என்று தபாலில் எழுதிக்கொள்ளும் குடும்பம் உலகத்தில் நம்முடையது ஒன்றுதான் இருக்கும். சிரிப்பு வரவில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

ஸ்டூல் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள்.

வாலுவின் அம்மா


செப்டம்பர் 20, சனி

வாலுவின் அம்மாவுக்கு,

அவசரப்படாதே. நான் கிளம்பும்போது போட்ட ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு. பதினான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது. இன்னும் பத்து மாதம் இருக்கிறது. நடுவில் கை வைத்தால் அபராதம் போடுவார்கள். தாளைத் தேடி எடுத்துப் பார், பீரோவில் கேஸ் புத்தகத்துக்கு அடியில் இருக்கும். கேபிள் இழுக்கிற பையனுக்கு என்ன தெரியும்.

அதுவரைக்கும் சில காரியம் செய்து பார். ரவுட்டரைத் தரையில் வைக்காதே, அலமாரியின் மேல் வை. பக்கத்தில் ஃப்ரிட்ஜ் இருக்கக் கூடாது. பேசும் நேரத்தில் உன் போனை இணைப்பிலிருந்து எடுத்துவிடு. வாரம் ஒருமுறை அணைத்துப் போடு. வாலு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் வெளிச்சம் கூடும், படம் தெளிவாக வரும். இதெல்லாம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பத்து மாதம் என்பது ஒன்றுமே இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். பள்ளி விஷயத்தைப் பிறகு பார்க்கலாம்.

வாலுவின் அப்பா


செப்டம்பர் 25, வியாழன்

வாலுவின் அப்பாவுக்கு,

ரவுட்டரை அலமாரி மேல் வைத்தேன். ஃப்ரிட்ஜை நகர்த்தினேன், தனியாக. அணைத்துப் போட்டேன். வாலுவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

பத்து மாதம் ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். கடைசி நாளுக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. அவள் துணிகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

நேற்று எனக்கு வாரவிடுமுறை. ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் கிளைக்கே போனேன். ஒன்றே கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "விட்டுட்டுப் போனாத்தான் மேடம் அபராதம். இருந்துக்கிட்டே நல்ல பிளானுக்கு மாறினா ஒண்ணும் கிடையாது. மாறின தேதியிலிருந்து புதுசா ரெண்டு வருஷம் ஓடும், அவ்ளோதான்."

அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். அவள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். உங்களுக்கு மூன்று முறை செய்தி போயிருக்கிறது. மூன்றையும் திறந்து படித்திருக்கிறீர்கள். சம்மதம் என்றும் அழுத்தவில்லை, வேண்டாம் என்றும் அழுத்தவில்லை. "சார் கொஞ்சம் பிஸியா இருப்பார் போல" என்று அவள் எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள்.

செய்தியிலேயே அபராதம் இல்லை என்று போட்டிருக்கிறதாம். அப்படியிருந்தும் எனக்கு மூன்று பத்தி எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று கேட்கிறேன். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள், ரவுட்டரைப் பற்றி வேண்டாம்.

வாலுவின் அம்மா


செப்டம்பர் 29, திங்கள்

வாலுவின் அம்மாவுக்கு,

கேட்டாய், சொல்கிறேன். மாறினால் புதிதாக இரண்டு வருடம் என் பெயரில் ஓடும். இரண்டு வருடத்தில் யார் எங்கே இருப்போம் என்று யாருக்குத் தெரியும்? அந்த வீட்டுக்கு நான் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவது சரியா என்று யோசிக்கிறேன்.

வேறு ஒன்றும் இல்லை.

வாலுவின் அப்பா


அக்டோபர் 6, திங்கள்

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் நான்கு வரியை வெள்ளிக்கிழமை மாலை மாடிப்படியில் நின்று படித்தேன். படித்துவிட்டு வெகுநேரம் மேலே ஏறவில்லை. பிரிந்து இருக்கிறோம் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் முடிந்துவிட்டது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்கு உங்களுக்கு ஓர் இணைய ஒப்பந்தம்தான் கிடைத்ததா என்று நினைத்தேன். ஆத்திரத்தில் மூன்று பக்கம் எழுதினேன். தபாலில் போடவில்லை. போடாததற்குக் காரணம் நேற்று நடந்தது.

நேற்று முதல்முறையாக நம் ஏற்பாட்டை மீறினேன். பத்தேகாலுக்குச் சமையலறையை விட்டு வந்து, கதவோரம் நின்று திரையைப் பார்த்தேன். நீங்கள் அசையாமல் இருந்தீர்கள். வாய் பாதி திறந்தபடி, கண் ஒரே இடத்தில். பாவம், இந்த இணைப்பு இப்படியா இருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

உங்களுக்குப் பின்னால் மேசைமீது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பிறகு உங்கள் அறையில் கூட இருக்கும் அந்த வெல்டர், இடுப்பில் துண்டோடு, டீ குடித்தபடி உங்கள் பின்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போனார். அப்போதும் நீங்கள் நின்றுபோன படமாகவே உட்கார்ந்திருந்தீர்கள்.

வாலு கொஞ்சமும் பதறவில்லை. சற்றுப் பொறுத்துவிட்டு, சொன்னதையே சுருக்கி, மெதுவாக, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல மறுபடி சொன்னாள். உடனே உங்களுக்கு உயிர் வந்துவிட்டது.

முடிந்த பிறகு அவளைக் கேட்டேன். முதலில் ஒன்றும் தெரியாத மாதிரி நின்றாள். பிறகு சொன்னாள். "அப்பாவுக்குப் புரியலேன்னா அசையாம உட்காருவார். அப்போ நான் சின்னதா சொல்லணும்." எத்தனை நாளாக என்று கேட்டேன். "முழுப் பரீட்சைக்கு முன்னாடியிலிருந்து." ஏன் என்னிடம் சொல்லவில்லை? "சொன்னா நீ அவரைத் திட்டுவே."

அப்படியானால் பள்ளிக்கு அப்பா சரி சொன்னார் என்று எப்படி நம்பினாய் என்று கேட்டேன். "அன்னிக்கு அவர் அசையாம இருக்கலையே. கட்டைவிரலைத்தானே காட்டினார்" என்றாள்.

அவள் உங்களிடம் இப்போது என்ன பேசுகிறாள் என்று நினைத்துப் பாருங்கள். சாப்பிட்டேன். பள்ளிக்கூடம் போனேன். நல்லா இருக்கேன். என்னிடம் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் வாயாடுகிற பெண் உங்களுக்காக மூன்று வாக்கியத்துக்கு வந்து நிற்கிறாள்.

பெற்றோருக்கென்று பத்து வாரம் சைகை வகுப்பு வைத்தார்கள். நான் பத்துக்கும் போனேன். நீங்கள் நான்கோடு நிறுத்தினீர்கள், ஓவர்டைம் என்றீர்கள். அந்தச் சண்டைதான் நம்மை இங்கே கொண்டுவந்து விட்டது. அதை மறுபடி கிளற இதை எழுதவில்லை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் பயப்படுவது இரண்டு வருடத்துக்கா, தெளிவான படத்துக்கா?

வாலுவின் அம்மா


அக்டோபர் 10, வெள்ளி

வாலுவின் அம்மாவுக்கு,

தெளிவான படத்துக்குத்தான்.

இரண்டு வருடம் என்று எழுதியது பொய். அந்தப் பொய் உன்னை எப்படி அடித்திருக்கும் என்று யோசிக்காமல் எழுதினேன். வேறு எந்தச் சாக்கும் மிச்சம் இல்லாததால் கைக்குக் கிடைத்ததை எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

முதல் சில மாதம் படம் உண்மையிலேயே நின்றது. ஒருநாள் அவள் ஏதோ வேகமாகச் சொன்னாள், எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். படம் நின்றுவிட்டது என்று நினைத்து அவள் சிரித்தாள். மெதுவாக மறுபடி சொன்னாள். புரிந்தது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு நிம்மதி. அடுத்த வாரமும் அதையே செய்தேன். அப்புறம் பழகிவிட்டது. அசையாமலும் இருக்க முடியாத நேரத்தில் கட்டைவிரல்.

அவளுக்கு எல்லாம் தெரியும் என்று இப்போது நீ எழுதியதைப் படித்தபோது தாங்க முடியவில்லை. வெல்டர் என்னவென்று கேட்டார். சொன்னேன். "அடப்பாவி, நான் துண்டோடல்ல போனேன்" என்றார். அவர் கவலை அவருக்கு.

வகுப்புக்கு வராததற்கு ஓவர்டைம் காரணம் இல்லை. நான்காவது வாரம் அந்த ஆசிரியர் எல்லாரையும் எழுந்து நின்று ஒரு கதை சொல்லச் சொன்னார். நீ சொன்னாய், எல்லாரும் கையை உயர்த்தி ஆட்டினார்கள், அங்கே அதுதானே கைத்தட்டல். என் முறை வருவதற்குள் கழிப்பறைக்குப் போவதுபோல எழுந்து போனவன்தான். மெஷினைப் பிரித்தால் எனக்குக் கை தானாக ஓடும். என் பிள்ளையிடம் பேச இந்தக் கை வரவில்லையே என்று அவமானம். அதை உன்னிடம் சொல்வதைவிடச் சண்டை போடுவது சுலபமாக இருந்தது.

நேற்று மாலை சம்மதம் என்று அழுத்திவிட்டேன். பதினேழாம் தேதி வருவார்களாம். அதற்கு அடுத்த ஞாயிறு அவளிடம் நான் எப்படி முகம் காட்டுவது? நீ சொல்வதைச் செய்கிறேன்.

வாலுவின் அப்பா


அக்டோபர் 14, செவ்வாய்

வாலுவின் அப்பாவுக்கு,

கழிப்பறைக் கதையை அப்போதே சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். உங்களை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

ஐந்து நாளில் முழு மொழியையும் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். ஆள்காட்டி விரலை உங்கள் பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். 'புரியல, மறுபடி சொல்லு.' அவ்வளவுதான். வகுப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். நீங்களும் இருந்தீர்கள்.

எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றுங்கள். அவளுக்குப் பொறுமை உண்டு என்றுதான் தெரிந்துவிட்டதே. வெல்டரைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாலுவின் அம்மா


அக்டோபர் 20, திங்கள்

வாலுவின் அம்மாவுக்கு,

நீ கதவோரம் நின்றாய். உன் சேலை நுனி தெரிந்தது. படம் அவ்வளவு தெளிவாக வருகிறது.

நீ பார்த்திருந்தாலும் எழுதுகிறேன், எனக்குப் புரிந்தது சரிதானா என்று நீ சொல்ல வேண்டும். முதலில் நான், இத்தனை நாள் படம் நிற்கவில்லை, அப்பாதான் நின்றேன் என்று சொன்னேன். அதை ஒருவாரம் வெல்டரை எதிரில் உட்கார வைத்துப் பழகியிருந்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு பள்ளியைப் பற்றிக் கேட்டேன். அவ்வளவுதான், அவள் கை பறக்க ஆரம்பித்துவிட்டது. பதினேழு தடவை விரலைச் சுற்றினேன். எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினேழாவது தடவையிலும் அவள் முகம் சுளிக்கவில்லை.

அந்தப் பள்ளியில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் கையால் பேசுவார்களாம். "அங்க யாரும் எனக்காக மெதுவா பேச மாட்டாங்கப்பா. நானும் யாருக்காகவும் மெதுவா பேச வேணாம்." இப்படித்தானே சொன்னாள்?

போகாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றேன். "உங்களுக்கு எப்படியும் ஞாயித்துக்கிழமைதானே" என்றாள். பயமாக இருக்காதா என்று கேட்டேன். முதல் வாரம் இருக்கும் என்றாள்.

முன்பு என்றால் கட்டைவிரலைக் காட்டியிருப்பேன். "அம்மாகிட்ட கேக்கணும்" என்று சொன்னேன். அதனால் கேட்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்? நீ சொல்லாமல் நான் எதற்கும் சரி சொல்லப் போவதில்லை.

வாலுவின் அப்பா


அக்டோபர் 27, திங்கள்

வாலுவின் அப்பாவுக்கு,

சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவளை அந்தப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமாவது கிடைக்கும் என்றுதான் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. நூறு பிள்ளைகள், எல்லார் கையும் ஓடுகிறது. வாலு ஒரு மேசையில் போய் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். என்னிடம் ஒரு மணி நேரம் வாயாடுகிறாள் என்று பெருமையாக எழுதினேனே. என்னிடமும் அவள் மெதுவாகத்தான் பேசியிருக்கிறாள். அங்கே அவள் பேசிய வேகத்தில் பாதி எனக்கே புரியவில்லை. ரயிலில் திரும்பும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். உங்கள் அவமானம் என்னவென்று அப்போதுதான் கொஞ்சம் தெரிந்தது.

விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு கையெழுத்து வேண்டும். என்னுடையதைப் போட்டுவிட்டேன். உங்களுக்கும் சம்மதம் என்றால் மட்டும் போட்டு அனுப்புங்கள். ஆண்டு நடுவிலும் சேர்த்துக்கொள்கிறார்கள், ஜனவரியில் சேர வேண்டும்.

அவள் போன பிறகு உங்கள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி அந்த விடுதிக்குப் போய்விடும். இங்கே புதிய இணைப்பு இரண்டு வருடத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும், பேச ஆள் இல்லாமல். விட்டுவிட்டால்தான் அபராதம் என்று அந்தக் கவுண்டர் பெண் சொன்னாள்.

பதினொரு மணிக்கு உங்களுக்கு வேறு வேலை இல்லை என்றால் இங்கே கூப்பிடலாம். நான் சமையலறையில் இருக்க மாட்டேன். வாயால் பேச வேண்டாம், நமக்குக் குரல் ஏறிவிடும். கையாலேயே பேசுவோம். உங்களுக்குத் தெரிந்த ஐம்பது சைகையில் சண்டைக்கு ஆகிற வார்த்தை ஒன்றுகூட இல்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன்.

புரியவில்லை என்றால் அசையாமல் மட்டும் உட்காராதீர்கள். விரலைச் சுற்றுங்கள். நான் மறுபடி சொல்கிறேன்.

உங்கள் மனைவி